கடைவீதி வந்த காணி

வன்னிக்கு வந்த புதிதில் பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி என்னைக் காணும்போதெல்லாம், "ஒங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு விலகிவிடுவேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் பேசுவதென்றால் ஏசுவது. மற்றதற்குக் கதைப்பது என்று சொல்வோம். அவளுடைய வேலியோரத்தில் என் தம்பி கேட்டுக் கேள்வியில்லாமல் சைக்கிள் கடை போட்டிருந்தான். ஏசுவதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. கடைசியில் ஒருநாள் வழிமறித்தே சொல்லிவிட்டாள். தெருக்கிணற்றுத் தண்ணீர் உவர், தேநீருக்கு உதவாது, தன் வளவுக் கிணற்றில் வந்து அள்ளிக்கொள்ளலாம் என்றாள். இதற்குத்தான் அத்தனை நாளும் என் பின்னால் அலைந்திருக்கிறாள். அவள் பெயர் மாரியாயி.

கடல் கடந்தவர்களைத்தான் புலம்பெயர்ந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கடந்தது கிளாலிக் கடனீரேரி ஒன்றைத்தான். சண்டை வந்து கட்டுவனில் இருந்த வீட்டை விட்டு எழும்பி, சாவகச்சேரியில் சில காலம் இருந்து, அங்கிருந்தும் எழும்பித் தம்பி குடும்பத்தோடு ஸ்கந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். கணவர் இறந்து நெடுநாள், பிள்ளைகள் இல்லை. ஊரில் பின்னேரமானால் படலையடியில் நின்று யாராவது ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இங்கே பொழுது படும்போது காட்டுப் பக்கம் மயில் அகவும். தம்பியின் மனைவி நல்லவள்தான். ஆனால் நான் சமைக்கக் குசினிக்குள் நுழைந்தால் அவளுக்கு ஏதாவது ஒரு வேலை வெளியே வந்துவிடும். அந்த வளவுக் கிணற்றடியில் மட்டும்தான் எனக்கு வாய் திறக்கக் கிடைத்தது.

மாரியாயியும் கணவர் காளிமுத்துவும் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கலவரத்தில் லயத்து வீடுகள் எரிந்தபின் கையில் குழந்தையோடு இங்கே வந்து, யாரோ ஒருவருடைய பெயரில் இருந்த காட்டை வெட்டி, மண்வீடு கட்டிக் குடியிருந்தார்கள். பாம்புக்கடியில் அந்தக் குழந்தை போனதும் அதைப் புதைத்ததும் இந்தக் காணியில்தான். பிறகு பிறந்த பிள்ளைகள் "ஓம்" என்றும் "வாறன்" என்றும் எங்களைப்போலவே கதைத்தார்கள். தாய் மட்டும் தோட்டத்துத் தமிழை விடவில்லை. குளிருக்குள் கொழுந்து பறித்த கதையை அவள் சொல்ல, கட்டுவன் புகையிலைத் தோட்டங்களைப் பற்றி நான் சொல்வேன். இரண்டு பேருக்கும் மற்றவரின் ஊர் கண்ணில் படாத ஊர்.

சண்டையில் கிளிநொச்சி வெறுமையான பின் அதன் கடைகளும் அரசாங்கக் கந்தோர்களும் ஸ்கந்தபுரத்துக்கு வந்து இறங்கின. நெல் காயப்போட்ட இடங்களில் தகரக் கூரைகள் எழும்பின. நகைக்கடை வந்தது, படம் பிடிக்கும் ஸ்டூடியோ வந்தது, ரொட்டியும் வடையும் விற்கிற கடைகள் வரிசையாக வந்தன. வந்தவர்கள் நாங்கள். ஆனால் கொஞ்சக் காலத்துக்குள் வழியில் நிற்பவர்களாக மாரியாயி வீட்டார் ஆகிவிட்டார்கள். கடைக்காரர்கள் கூடி, காடு யாருடைய பெயரில் இருந்ததோ அந்தக் காணிக்காரரிடம் அனுமதி பெற்று, மாரியாயி வளவுக் கிணற்றுக்குத் தகர அடைப்புப் போட்டார்கள். கடைகளுக்கு அள்ளிய பிறகுதான் மற்றவர்களுக்கு என்றானது. தன் கணவன் வெட்டிய கிணற்றில் மாரியாயி உச்சி வெயிலில் காத்து நின்றாள். நான் அவளோடு போய் நிற்பேன். எங்கள் ஆட்களில் ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டு, "அவையோட நிண்டு என்ன கதை?" என்று கேட்டாள். நான் மாரியாயியிடமே திரும்பிப் போய் நின்றேன். அதன்பிறகு என்னுடன் கதைப்பவர்களும் குறைந்துபோனார்கள்.

காணிக்காரரின் மகன் ஒருநாள் சைக்கிளில் வந்தார். மரியாதையான பெடியன். தெருமுகப்பு முழுவதையும் கடைகளுக்குக் கொடுக்கப்போவதாகவும், குடிசை எழும்ப வேண்டும் என்றும், வாய்க்காலுக்கு அங்கால் ஒரு துண்டு நிலம் விடுவதாகவும் சொன்னார். குடிசை இருந்த இடத்தைத் தம்பி தன் கடைக்கும் எனக்கு ஒரு அறைக்குமாகக் கேட்டிருந்தான். "நாங்கள் எடுக்காட்டி வேற ஆரும் எடுப்பினம், அக்கா" என்றான். நான் காணிக்காரரின் மகனிடமே போனேன்.

"தம்பி, அவையள் காடு வெட்டின காணி இது. பிள்ளையையும் இதிலதான் தாட்டவை."

அவர் கோபப்படவில்லை. "விளங்குது, அக்கா. அப்ப நீங்கள் எங்க இருக்கப்போறியள்?"

காளிமுத்து தன் கையாலேயே கூரை வளையையும் தீராந்தி மரங்களையும் கழற்றி, ஒரு வண்டிலில் அடுக்கினார். மாரியாயி அழவில்லை. அடுப்புக் கற்களைக்கூட விடாமல் எடுத்தாள். நான் அவளுடைய கோழிகளைக் கூடையில் அமுக்கி வாய்க்கால் வரை சுமந்துபோனேன். திரும்பி வந்தபோது தம்பி அங்கே கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தான். அந்த மனையில் எழும்பிய கடையின் பின்னறைதான் எனக்குக் கிடைத்தது. வாய்க்காலுக்கு அங்கால் சில தடவை போனேன். ஒவ்வொரு முறையும் அவள் கூலி வேலைக்குப் போயிருப்பாள். பிறகு போவதை விட்டேன்.

பரந்தனும் ஆனையிறவும் இராணுவத்திடமிருந்து கைமாறிய பிறகு சனம் கிளிநொச்சிப் பக்கம் திரும்பத் தொடங்கியது. கடைகளும் பின்னாலே போயின. காலையில் எழும்பினால் ஒரு கடையின் கூரை இருக்காது. தகரம், கதவு, மேசை எல்லாம் உழவு இயந்திரத்தில் போயிருக்கும். கான்கிரீட் தளங்கள் மட்டும் புல்லுக்குள் கிடந்தன. தம்பியும் பரந்தன் சந்திக்குக் கடையை மாற்றினான். என்னையும் வரச் சொன்னான். இன்னொரு முறை மூட்டை கட்ட என்னால் முடியவில்லை. கட்டுவனுக்கு என்றால் எழும்பியிருப்பேன். அங்கே இன்னும் இராணுவக்காரர் யாரையும் விடுகிறார்கள் இல்லை. அவன் கூரையைக் கழற்றியபோது, என் அறைக்கு மேலே பழைய ஓலைக் கிடுகை மட்டும் விட்டுவைத்தான்.

அடுத்த மழைக்கு முன்னர் அந்த வண்டில் மறுபடி வந்தது. மாரியாயி இறங்கி, தளத்தைச் சுற்றி நடந்து பார்த்தாள். காளிமுத்து அலவாங்கால் குழி தோண்டத் தொடங்கினார். நான் கிட்டப் போய், இந்த மூலையில் நானும் இருக்கலாமா என்று கேட்டேன்.

"இருங்கக்கா" என்றாள் மாரியாயி. கொஞ்சம் பொறுத்து, "எப்ப போவீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் அதைக் கண்டு கையைப் பிடித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஊருக்குப் போறதுன்னா சும்மா ஓலை கட்டினாப் போதும். இங்கயே இருக்கிறதுன்னா மண்ணுல சுவர் வைக்கணும். அதுக்குத்தான் கேக்குறேன்."

காளிமுத்து குழைத்த மண்ணோடு காத்துக்கொண்டு நின்றார். கட்டுவன் வீட்டின் முன் விறாந்தை நினைவுக்கு வந்தது. போவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இருப்பேன் என்று சொல்லவும் வாயெடுத்தேன். இரண்டும் வரவில்லை. அவர்களும் மறுபடி கேட்கவில்லை.

இடுப்பளவுக்கு மண்ணால் சுவர் எழுப்பினார்கள். அதற்கு மேல் ஓலையால் அடைத்தார்கள். அதற்குள்தான் இப்போதும் இருக்கிறேன். கீழே மண் இறுகிவிட்டது, மேலே காற்றடித்தால் ஓலை சரசரக்கிறது.