விரதம் என்று அம்மா சொல்லிவிட்டார்

என்னைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை நான். ரயிலில் என் காலை மிதித்துவிட்டுப் பேசாமல் நின்ற ஒருவரைக் கிள்ளான் வந்து சேரும்வரை திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவளைப் பிடித்து உட்காரவைத்து, இரண்டு வாரம் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்றார் டாக்டர்.

மூக்கு வழியாக ஒரு கேமராவை விட்டு என் தொண்டையை எனக்கே திரையில் காட்டினார். குரல் நாண் இரண்டு இருக்கும். ஒன்றில் காய்ப்பு, மண்வெட்டி பிடித்த கையில் காய்க்குமே, அது மாதிரி. மற்றதில் இரத்தம் கசிந்து சிவந்திருந்தது. சளியோடு உச்ச ஸ்தாயியில் திரும்பத் திரும்பக் கத்தியதன் பலன். கிசுகிசுவென்று பேசுவதும் கூடாது, அது இன்னும் மோசம் என்றார். பாட்டுக் கேட்காதே, கேட்டால் தொண்டை தானாக அசையும் என்றார். இரண்டு வாரம் கழித்து மெதுவாக 'ம்' சொல்லிப் பார், சுத்தமாக வந்தால் பிழைத்தாய், வராவிட்டால் ஆபரேஷன். ஆபரேஷனுக்குப் பிறகு மேல் ஸ்தாயி திரும்பி வருமா என்று கேட்டேன். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட கேள்வி. அவர் கணினியைப் பார்த்தபடி, சிலருக்கு வரும் என்றார்.

என் பிழைப்பே வாயை வைத்துத்தான். பகலில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓர் உயரமான கட்டடத்தில் போன் எடுக்கிற வேலை. இணையம் அறுந்துபோனவர்கள் மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் திட்டுவார்கள், நான் மூன்றிலும் மன்னிப்புக் கேட்பேன். வேலை முடிந்ததும் ஓட்டமாக ஓடி சுங்கை வேயில் ஒரு டயர் கடையின் மாடிக்குப் போக வேண்டும். அங்கேதான் எங்கள் ஒத்திகை. ரப்பர் நாற்றத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடுவோம், ஆடுவோம், கீழே இரும்பு தட்டுகிற சத்தம் எங்கள் தாளத்தோடு சேரவே சேராது.

மியூசிக்கல் என்றால் பாடி ஆடி நடிக்கிற மேடை நாடகம். கோலாலம்பூரில் அதை ஆங்கிலத்தில் போடுகிறவர்கள் சில குழுக்கள் உண்டு. அவற்றில் அதுவரை நான் நடித்தவை: நர்ஸ், வேலைக்காரி, கூட்டத்தில் ஒரு பெண், மறுபடியும் நர்ஸ். எப்போதும் பின்வரிசை. அம்மா ஒரு தடவை பார்க்க வந்தார், கடைசிவரை நான் எங்கே நின்றேன் என்று அவருக்குத் தெரியவில்லை. "நீ நல்லாத்தான் மா பண்ணியிருப்ப" என்றார். அந்த 'இருப்ப' என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரியும்.

இந்தத் தடவை அப்படி இல்லை. பழைய ரயில்வே குவார்ட்டர்ஸில் நடக்கிற கதை. ரயில் ஓட்டுநரின் மகளுக்கு இரண்டாம் பாதியில் தனிப்பாட்டு, மேடையில் வேறு யாரும் கிடையாது. அந்தப் பாத்திரத்துக்கு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு என்னை அழைத்திருந்தார்கள். என்னையும் இன்னொருத்தியையும் மட்டும். டாக்டர் சொன்னதை மெசேஜில் அனுப்பினேன். இரண்டு வாரம் பொறுக்கிறோம், அதற்குமேல் எங்களால் முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் வாயைப் பூட்டினேன். டாக்டர் கொடுத்த எம்.சி.யை, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டை, அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

வீடு என்றால் கிள்ளானில் அடுக்குமாடி, அம்மாவும் நானும் மட்டும். லீவில் உட்கார்ந்த முதல் நாளே பக்கத்து வீட்டு ஆன்டி கதவோரம் நின்று, "ஏன் மா, வேலைக்குப் போகலயா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "என்ன மா, பேச மாட்டேங்கிற?" நான் தொண்டையைக் காட்டக் கையைத் தூக்குவதற்குள் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"விரதம் அக்கா. புரட்டாசி பாருங்க. ரெண்டு வாரம் மௌன விரதம் எடுத்திருக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவை மூடியதும் போனில் தட்டி அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். 'ஏன் பொய் சொன்னீங்க?'

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? ஊரெல்லாம் சுத்திப் பாட்டுப் பாடித் தொண்ட போச்சின்னு சொல்லவா? ஏற்கனவே கொஞ்சமாவா பேசுறாங்க? நாளைக்கு உன்ன ஒருத்தன் பொண்ணு பாக்க வரணும் லா. விரதம்னா யாரும் வாயத் தெறக்க மாட்டாங்க."

வாயிருந்தால் நான் அன்றைக்கு வீட்டையே ரெண்டாக்கியிருப்பேன். விரல் வலிக்கத் தட்டி எவ்வளவு கோபத்தைக் காட்ட முடியும்? பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

பொய்க்குச் சோறு போட வேண்டியதாயிற்று. விரதக்காரி கோழி தின்ன முடியுமா? தயிர்சாதம். விரதக்காரி பகலில் தூங்க முடியுமா? விடிவதற்குள் எழுந்து குளித்துச் சாமி விளக்குக்கு முன்னால் உட்கார வேண்டும், ஏனென்றால் எங்கள் வாசல் வழியாகத்தான் எல்லாரும் லிஃப்டுக்குப் போவார்கள். ஆன்டி பாலும் பழமும் கொண்டுவந்து வைத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளை என் முன்னால் நிறுத்தித் திருநீறு பூசச் சொன்னார்கள். பூசினேன். வேறென்ன செய்ய?

கீழ் மாடி அங்கிள் ஒருவர் பேப்பரும் பேனாவுமாக வந்தார். "ஒரு நாலு நம்பர் எழுதிக் குடு மா. பேசாம இருக்கிறவங்க கை நல்ல கை." அவருக்கு வாரம் மூன்று நாள் நாலு இலக்க லாட்டரி நம்பர் எடுக்காவிட்டால் சோறு இறங்காது. எரிச்சலில், எங்கள் லிஃப்ட் பழுதானால் கூப்பிடச் சொல்லி ஒட்டியிருக்கிற போன் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டால் யாரும் எடுக்காத எண் அது. அந்தப் பாழாய்ப்போன நம்பர் அடித்துவிட்டது! சின்னப் பரிசுதான். ஆனால் மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரத்தம் வற்றுகிறதா, பரவுகிறதா, ஒன்றும் தெரியாது. அந்தத் தனிப்பாட்டை மனத்துக்குள்கூடப் பாடாமல் இருக்கப் பார்ப்பேன். துணி மடிக்கும்போது அது தானாக வந்துவிடும், தொண்டையில் ஏதோ நகர்வது போலிருக்கும், உடனே தண்ணீரைக் குடித்து விழுங்குவேன். இன்னொருத்தி இப்போது பாடிப் பழகிக்கொண்டிருப்பாள் என்று தோன்றும். நல்லவள்தான், எனக்குத் தேன் வாங்கி அனுப்பியவள். அவளுக்கு ஜலதோஷம் பிடிக்கட்டும் என்று அந்தச் சாமி விளக்கையே பார்த்து வேண்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆன்டியின் வீட்டுக்காரர் விழுந்தார். லோரி ஓட்டுகிறவர். கண்டெய்னர் ஏற்றிவிட்டுத் துறைமுகத்திலிருந்து வெளியே வரும்போது கை கால் இழுத்துக்கொண்டது. ஐசியுவில் போட்டிருந்தார்கள், கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஆன்டி தன் வீட்டுக்குள் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"விரதம் முடிஞ்சி வர்ற மொத வார்த்த பலிக்கும்னு சொல்லுவாங்க மா. அத எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துரு. 'எழுந்துருவாரு'ன்னு ஒரே ஒரு வார்த்த. வேற எதுவும் நான் கேக்கல."

போனை எடுத்தேன். 'ஆன்டி, இது விரதம் இல்லை' என்று தட்டத் தொடங்கினேன். அவர் திரையை உள்ளங்கையால் மூடினார். "எழுதாத மா. வாயால வரணும். நான் காத்திருக்கேன்."

அவர் போனபிறகு அம்மாவைப் பார்த்தேன். பார்வையிலேயே கேட்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு நல்ல வார்த்த சொல்றதுல உனக்கென்ன கொறஞ்சிரும்? அவங்களுக்கு அதான் இப்ப தெம்பு." சொன்னால்தான் என்ன, அதையும் சொல்லிவிட்டு ரயில் ஏறிப் போய்ப் பாடிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் முடிகிற நாள் மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு.

அன்றைக்குக் காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் முதலில் 'ம்' சொல்லிப் பார்ப்பதுதான் என் திட்டம். எழுந்து கதவைத் திறந்தால் ஹாலில் ஆட்கள்! ஆன்டி, அவருடைய தங்கை, கீழ் மாடி அங்கிள், இன்னும் நாலைந்து பேர். தரையில் கோலம், தட்டில் கற்பூரம். குளிக்கப் போகிற என்னுடன் ஆன்டியும் எழுந்து வந்து குளியலறை வாசலிலேயே நின்றார், முதல் சொல் தண்ணீரில் போய்விடக்கூடாதாம். நான் உள்ளே சும்மா நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

விளக்குக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். ஆன்டி எனக்கு நேரெதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். தூங்காத கண். என் உதட்டையே பார்த்தார். மூச்சை வயிற்றிலிருந்து இழுத்தேன், பாடுவதற்கு இழுப்பது போலவே. வாயைத் திறந்தேன்.

காற்றுதான் வந்தது.

மறுபடியும் முயன்றேன். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஏதோ கீறிக்கொண்டு வந்தது. 'எழு' என்பதில் 'எ' கூட இல்லை. மூன்றாம் தடவை அதுவும் வரவில்லை.

ஆன்டி மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். பிறகு, "ஐயோ! சாமி வாய மூடிருச்சே! போயிருவாரா? என்ன விட்டுட்டுப் போயிருவாரா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். தங்கை அவரைப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. தலையைச் சுவரில் மோதினார். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் அழத் தொடங்கிவிட்டார்கள், ஒரு சாவு வீடு போலவே ஆகிவிட்டது. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அம்மா சுவரோரம் நின்றிருந்தார். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தவர் திடீரென்று கத்தினார்.

"அக்கா! அடிச்சிக்காதீங்க அக்கா! சாமி இல்ல, ஒன்னும் இல்ல! விரதமே இல்ல! நான் பொய் சொன்னேன்! இவளுக்குத் தொண்ட போச்சி அக்கா. பாடிப் பாடித் தொண்ட போச்சி, டாக்டரு பேசக்கூடாதுன்னு சொன்னாரு. அதான்!"

ஆன்டி ஈர முகத்தோடு அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தொண்டயா?"

"தொண்டதான் அக்கா."

"தொண்டதானா! அப்பாடா!" ஆன்டிக்கு உயிர் வந்தது. சிரித்தார். அழுகையும் சிரிப்புமாக என்னைக் கட்டிப்பிடித்து, "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன் மா. தொண்டதானே? இஞ்சியத் தட்டித் தேன்ல போட்டுக் குடி, சரியாப் போயிரும்" என்றார். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அங்கிள், "அப்ப அந்த நம்பரு?" என்று கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். காபி போட்டார்கள். என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நல்லவேளை, நல்லவேளை என்று மாற்றி மாற்றிச் சொல்லிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆட்கள் போனபிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தன மணிக்குப் பாடணும்?"

இத்தனை வருஷத்தில் அவர் இதைக் கேட்டதே இல்லை. இரண்டு விரலைக் காட்டினேன்.

"நம்பர எடுத்துக் குடு."

நாடகக் குழுவின் எண்ணை எடுத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எழுந்து நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு பேசினார். "ஹலோ. திஸ் இஸ் த மதர். மை டாட்டர்... கெனாட் சிங் ஆல்ரெடி." கொஞ்ச நேரம் கேட்டார். "யெஸ். யெஸ். தேங்க் யூ." போனை என் மடியில் வைத்தார்.

"பரவால்லயாம் மா. வேற ஆளு இருக்காங்களாம்."

ஓவென்று கத்தி அழ வேண்டும் போலிருந்தது. கத்தினால் மிச்சமிருப்பதும் போய்விடும். அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன்.