பாப்பா சீட் மாட்ட முடியாத சைக்கிள்

இன்று ஒரு சைக்கிள் வாங்கினேன். பாப்பாவை ஏற்ற முடியாது என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

இத்தனை வருடமும் முன்னால் மட்டும் குலுக்கல் தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்தான். பிரசவத்துக்குப் பிறகு செஞ்சி மலையடிவாரப் பாறைத்தடத்தில் அதை ஓட்டினால் இடுப்பு விட்டுப்போகிறது. அதனால் பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள ஒன்றைத் தேடினேன். பக்கத்து ஊரான அனந்தபுரத்துக்காரர் ஒருவர் தன்னுடைய பழையதை விற்க வீட்டுக்கே கொண்டுவந்தார்.

ஒரு சுற்று ஓட்டினேன். வலியே இல்லை. இறங்க மனம் வரவில்லை.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்ற கணவர் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "பாப்பா சீட்டு எங்க மாட்றது?"

"மாட்ட முடியாது சார். பின்சக்கரம் மேலயும் கீழயும் ஆடுது இல்ல, சீட்டு நிக்காது" என்றார் விற்க வந்தவர்.

"அப்ப இன்னாத்துக்கு இது? பாப்பா எங்க உக்காரும்?"

பழையதே போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அதோட நைனா மடியில உக்காரட்டும்" என்று வந்துவிட்டது.

கணவர் சிரித்துவிட்டார். "சரி, வாங்கு. அழுதா போன் பண்ணுவேன்."

சாயங்காலம் தனியாகப் போனேன். போன் வரவேயில்லை. ஏன் வரவில்லை என்று பயந்து, பாதி வழியில் நிறுத்தி நானே கூப்பிட்டேன்.

"நல்லா தூங்கினு இருந்துச்சு. நீ போன் பண்ணிதான் எழுந்துடுச்சு."

போனில் பாப்பாவின் அழுகை கேட்டது. பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

தனியாகப் போய்வர நினைக்கும் அம்மாக்களே, நீங்கள் கடைசியில் வீட்டில் வைத்துவிடுவது போனையா, சைக்கிளையா?