ஏழாவது வாரத்து இரண்டு வரி

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகளுக்குச் சனிக்கிழமைதோறும் இலவசமாகப் போய் விழும் எட்டுப் பக்கப் பத்திரிகை எங்களுடையது. தண்ணீர் லாரி வரவில்லை, கோவில் உற்சவம், வாடகைக்கு வீடு, கணக்கு டியூஷன், இவ்வளவுதான் சரக்கு. ஆசிரியர், நிருபர், விளம்பரம் வாங்குகிறவர் எல்லாம் நானே. பக்கங்களை வடிவமைக்க ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. சும்மா ஆகவில்லை. ஒருமுறை எவனோ ஒரு புண்ணியவான் "குறைந்த வாடகைக்கு வீடு" என்று விளம்பரம் கொடுத்து, தனக்கு ஆகாத ஒரு வாத்தியாரின் போன் நம்பரைப் போட்டுவிட்டான். நானும் சரிபார்க்காமல் அச்சேற்றிவிட்டேன். வாத்தியாருக்கு ஒரு வாரம் விடாமல் போன். மனுஷர் ஆபீஸுக்கே வந்து, "பத்திரிகை நடத்தறீரா, பட்டாணிக்குப் பொட்டலம் போடறீரா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து யார் எதைக் கொண்டுவந்தாலும், இதற்குப் பின்னால் என்ன வில்லங்கம் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அந்த அம்மாள் வந்தது ஒரு திங்கட்கிழமை. நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. அவர் நீட்டிய காகிதத்தில் ஒரு வாசகம்: "கேட்ட வரம் தந்த புனித அந்தோணியாருக்கு நன்றி." அடுத்த வரியில் இரண்டு எழுத்து. பெயர் கிடையாது. ஒன்பது சனிக்கிழமை விடாமல் வரவேண்டும் என்றார்.

"என்ன வரம்மா கிடைச்சுது?"

"அதை வெளிய சொல்லக்கூடாதுங்க சார்."

"பேரையாவது முழுசா போடலாமே?"

"போடற வழக்கம் இல்ல சார். யாருன்னு அவருக்குத் தெரியும்ல."

பெரிய பத்திரிகைகளில் இந்த மாதிரி நன்றி அறிவிப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் வரும், அதோடு சரி. ஒன்பது வாரம் எதற்கு? விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அரைமனதோடு போட ஆரம்பித்தேன்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் வட்டாரத்தில் ஒரு பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டுவதா வேண்டாமா என்று இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு வாரம் இரண்டு மொட்டைக் கடிதம் வரும். நான்காவது வாரம் அறிவிப்பு வந்த மறுநாள், அவர்களுடைய சங்கக் கூட்டம் திடீரென்று ஒத்திவைக்கப்பட்டது. ஐந்தாவது வாரம் அறிவிப்பு வந்தது, செயலாளர் ராஜினாமா செய்தார். அறிவிப்பின் கீழிருந்த இரண்டு எழுத்தும் எதிர்க்கோஷ்டித் தலைவரின் இனிஷியலேதான்! எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

வடிவமைக்கும் பெண்ணிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா சார், சாமிக்கு தேங்க்ஸ் சொல்றதுல கூடவா வில்லங்கம் கீதுன்றீங்க?"

"உனக்குத் தெரியாது. இது ஏதோ சங்கேதம்" என்றேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம். அப்போது நான் பெரிய துப்பறியும் புலி. விலாசத்தைத் தேடிக்கொண்டு சாந்தோம் பக்கம் ஒரு சந்துக்கே போய்விட்டேன். மாடியில் வீடு, பூட்டியிருந்தது. கீழே தையல் கடை வைத்திருந்த பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேல் வீட்டுக்கு ஆளுங்க நிறைய வருவாங்களா?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"நீங்க யாரு? பேங்க்கா?"

"இல்ல பாய், சும்மா கேட்டேன்."

"சும்மா யாரும் கேக்க மாட்டாங்களே. அந்தம்மா காலைல போனா பொழுது சாஞ்சுதான் வருவாங்க. வேற எனக்கு ஒண்ணும் தெரியாது." மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

நேராக ஒரு வார்த்தை, அந்த அம்மாள் எங்கே போகிறார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. தினமும் காலையிலிருந்து பொழுது சாயும் வரை எங்கே போகிறாள், எந்தக் கோஷ்டிக்கு வேலை பார்க்கிறாள் என்று எனக்குள்ளேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு திரும்பினேன். அந்த வெள்ளிக்கிழமை அறிவிப்பைத் தூக்கிவிட்டேன். அது ஏழாவது வாரம்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போதே அந்த அம்மாள் வாசலில் நின்றார். கையில் எங்கள் பத்திரிகை, மடித்து மடித்துக் கசங்கியிருந்தது.

"இந்த வாரம் வரலையே சார்."

"இடம் இல்லம்மா" என்றேன், கூசாமல்.

"அந்த இடத்துல கேஸ் அடுப்பு ரிப்பேர் வந்திருக்கே சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். அடுக்ககம், கோஷ்டி, இனிஷியல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு இதயத்துல ஆபரேஷன் சார். தினம் ஆஸ்பத்திரிலதான் கெடக்கேன். வரம் இன்னும் கிடைக்கல. கிடைச்சாச்சுன்னு நம்பி முன்னாடியே நன்றி சொல்றது. ஒன்பது வாரம் விடாம சொல்றேன்னு வேண்டிக்கிட்டேன். ஒன்பதாவது முடிஞ்ச மறு திங்கள் ஆபரேஷன்."

"இந்த வாரம் ரெண்டா போட்டுடறேம்மா" என்று உளறினேன்.

"அப்படிக் கணக்கு கிடையாது சார். விட்டுப்போச்சுன்னா மறுபடி ஒண்ணுலேர்ந்துதான்." விரல் விட்டு எண்ணினார். "அதுக்குள்ள ரெண்டு வாரம்தான் இருக்கு. டாக்டர் தேதி குடுத்துட்டாரு. பரவால்ல, போடுங்க."

பக்கத்து மேஜையில் அந்தப் பெண் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கு நான்கு அறை அறைந்திருக்கலாம்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இரண்டு வரி அச்சில் வந்தால் ஒரு இதயம் சரியாகும் என்று இன்றைக்கும் நம்பவில்லை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமைகளில் அச்சகத்துக்கு நானே போய், ஈர மை வாசனையோடு முதல் பிரதியைப் பிரித்து, அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தேன். முதல் பக்கத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஒன்று வந்தது. இரண்டு வந்தது. திங்கட்கிழமை முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவருடைய நம்பரை நான் வாங்கி வைக்கவில்லை, அவருக்கு என்னிடம் சொல்லவேண்டிய தலையெழுத்தும் இல்லை. தகவல் இல்லாததால் மூன்றாவதையும் போட்டேன். அந்த மனிதர் பிழைத்து எழுந்துவர வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த புதன்கிழமை வந்தார். அதே மாதிரி ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். இந்தத் தடவை பெயர் முழுதாக இருந்தது, கணவர் பெயர். மேலே "மரண அறிவிப்பு" என்று எழுதியிருந்தது. நான் எழுந்து நின்றேன். கையைக் கூப்பினேன்.

அவர் பையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து, முதல் காகிதத்தின் பக்கத்தில் நேராக வைத்தார்.

"டெத் சர்டிபிகேட் ஜெராக்ஸ் சார். நீங்க கேப்பீங்கன்னு கொண்டாந்தேன். ஒரிஜினலும் பையில இருக்கு, சரி பாத்துக்கிறீங்களா?"