உம்ராவுக்கு ஷமீமா போனாள், நான் விமான நிலையம் வரை போனேன்

உம்ரா பயணக் குறிப்பு எப்போது வரும் என்று ஒரு மாதமாகப் பலர் கேட்கிறீர்கள். வராது. போன செவ்வாய்க்கிழமை என் மனைவி ஷமீமாவும் அவளுடைய அண்ணனும் மக்காவுக்குக் கிளம்பினார்கள். நான் போனது மயிலாப்பூர் வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கிருந்து பெசன்ட் நகர் கடற்கரை. அவ்வளவுதான்.

மூன்று வருடங்களுக்கு முன் என் தொழுகை நின்றுபோனது. யார்மேலும் கோபமில்லை. கேட்பதற்கு அங்கே ஒருவர் இருக்கிறார் என்று தோன்றுவது நின்றுவிட்டது. ஷமீமாவிடம் மட்டும் சொன்னேன். அழுதாள். அவளும் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உம்ராவுக்கு டிக்கெட் எடுக்கும் முன், "நீங்க நம்ப வேணாம். வந்து என் பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றாள்.

"அங்க நிக்கிறதே நம்புறேன்னு சொல்ற மாதிரிதானே?"

"உங்களுக்குத்தான் மறுமை பயம் இல்லையே. ஒரு பொய் சொன்னா என்னவாம்?"

"உன் பக்கத்துல நின்னு சொல்ல முடியாது, ஷமீமா."

அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

விடியற்காலை 5.15க்கு டாக்ஸி. பதினைந்து கிலோமீட்டர், 420 ரூபாய், நாற்பது நிமிடம். விமான நிலைய வாசலில் காத்திருந்த அவளுடைய அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "லீவு கெடைக்கலியாமே மாப்ள? ஷமீமா சொல்லுச்சு. ஆபீஸ்ல இப்படியா பண்ணுவாங்க?"

ஷமீமா பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன்.

அவர்கள் உள்ளே போன பிறகும் வெகுநேரம் நின்றிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்று நான் வீட்டில் தங்கினேன். அதற்கான பொய்யைத் தூக்கிக்கொண்டு, நம்புகிறவள் மக்காவுக்குப் போகிறாள்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. மெட்ரோவில் சைதாப்பேட்டை, அங்கிருந்து ஆட்டோ, 150 ரூபாய். டிரைவர் பேச்சுக் கொடுத்தார்.

"காலங்காத்தால பீச்சுக்கா? வூட்ல யாரும் இல்லியா சார்?"

"மக்கா போயிருக்காங்க."

"நீ போவல?"

"இல்ல."

"அட, வுடு சார். அங்கேர்ந்து கூப்டாதான் போ முடியும்னு எங்க தெரு பாய் சொல்வாரு. அடுத்த தபா உன்னியும் கூப்டுவாங்க."

நல்ல மனிதர்.

கடற்கரையில் நடந்தேன், உட்கார்ந்தேன், வெயில் ஏறியதும் ஒரு ஓட்டலில் இரண்டு இட்லியை முக்கால் மணி நேரம் தின்றேன். மறுபடி மணலுக்கே வந்தேன். மாலை நாலரைக்கு ஷமீமா அழைத்தாள்.

"ஜித்தாவுல எறங்கிட்டோம். சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"துஆல உங்க பேரைச் சொல்லி வேண்டிக்கலாமா?"

"சொல்லு. அந்த லீவு பொய் என்னாலதான்னும் சொல்லிடு."

"அது எனக்கும் படைச்சவனுக்கும் நடுவுல. நீங்க விடுங்க" என்றாள். அண்ணன் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

கல்யாணமான பதினொரு வருடத்தில், நான் நுழைய முடியாத இடம் ஒன்று அவளுக்கு இருப்பது அன்றுதான் உறைத்தது.

வழியனுப்பப் போகிறவர்களுக்கு: மூன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். திரும்ப மெட்ரோதான் வசதி. தம்பதியில் ஒருவர் மட்டும் பயணம் போவதென்றால், கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது என்பதை முதலிலேயே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். டிக்கெட், விசா, பெட்டி எடை எல்லாம் நாங்கள் பேசினோம். இதைப் பேசவில்லை.