பொட்டு வைத்த மரக்காளை

நேற்று ஒரு பனியன் கம்பெனி திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். வாசலில் சந்தனம் கரைத்து வைத்திருந்தார்கள். அந்த வாசனை பட்டதும் என் மனசு நேராக ஒரு மரக்காளையிடம் போய் நின்றது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த நல்ல வருசங்கள் அவை. அப்போது எனக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி இருந்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் வெளிநாட்டுக்காரன் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து விலை பேசுவேன். சும்மா சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படிச் சரக்கு வாங்க வந்த பையர்தான் குவாத்தமாலாக்காரர். அவருடைய மாயா இனத்து ஜனங்கள் திருவிழாவில் காளை ஆட்டம் ஆடும்போது கட்டிக்கொள்ளும் மரமுகம் ஒன்றைக் கொடுத்து, டீ சர்ட்டில் அதே மாதிரி பிரிண்ட் வேண்டும் என்றார். சிவப்புச் சாயம், வளைந்த கொம்பு. வரைந்த கண்ணுக்குக் கீழே, ஆடுகிறவன் பார்க்க இரண்டு கீறல். பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்கும் காங்கேயத்துக்காரரான என் கட்டிங் மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்லையே காணோமுங்க, வயசு எப்புடிச் சொல்றது?" என்றார்.

மாட்டுப் பொங்கல், எங்கள் பக்கத்துப் பட்டிப் பொங்கல், வந்தது. செக்கிங்கில் இருந்த சரசக்கா, மாட்டுக்குச் செய்வது போலவே அந்தக் காளைக்கு நெற்றி நிறையச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கொம்பில் பூவும் சுற்றிவிட்டார். பையரை எங்களிடம் கூட்டி வந்த ஏஜென்ட் வந்து பார்த்துவிட்டுக் குதித்தார்.

"பையர் சாம்பிளுங்க இது! ஆர்டரே போயிரும். அந்தம்மாவ இன்னைக்கே வேலைய உட்டு நிறுத்துங்க."

"பட்டிப் பொங்கலன்னைக்குக் காளைய மூளியா உடச் சொல்றீங்களா? அக்கா இங்கதான் இருக்கும். ஆர்டர் போனாப் போகுது போங்க" என்றேன்.

ஏஜென்ட் துணியை எடுத்துப் பொட்டைத் துடைக்கப் போனார். நான் விடவில்லை.

மறுவாரம் பையர் வந்தார். மரமுகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சரசக்கா முன்னால் வந்துவிட்டார்.

"நாந்தானுங்க வெச்சேன். காளைன்னா எங்கூர்ல பொட்டு வெப்போமுங்க."

ஏஜென்ட் திக்கித் திணறி அதை இங்கிலீஷில் சொன்னார். பையர் பொட்டோடு மரமுகத்தைக் கட்டிக்கொண்டார். தலையைத் தாழ்த்தி, கொம்பை ஆட்டி, மேஜைகளுக்கு நடுவே ஏஜென்டை முட்டத் துரத்தினார்.

"கயித்த அத்துக்கிட்டு வருது, புடிங்க, புடிங்க!" என்று சரசக்கா கத்த, மொத்தக் கம்பெனியும் மிசினை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

ஆர்டர் வரவில்லை. விலை படியவில்லை. அதனால் நான் கவிழ்ந்தா போனேன்? சரசக்கா அதற்கப்புறமும் எத்தனையோ வருசம் என்னிடம்தான் இருந்தார்.

இப்போது அக்காவும் இல்லை, அந்த ஏஜென்டும் இல்லை. சாம்பிளெல்லாம் போனில் படமாக வருகிறது. இந்தக் காலத்து முதலாளிகள் அதைப் பெருமையாக விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுகிறார்கள். காட்டட்டும். அதற்கு எங்கே பொட்டு வைப்பார்களாம்?