மூடி வைத்த சுண்டல்

அம்மாவின் இரத்தப் பரிசோதனைத் தாளை முதலில் வாசித்தவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. குமணன்சாவடி கிளினிக்கின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தக் காலையிலும் இருந்தது. மெக்னீசியம் என்பதற்கு நேரே இருந்த எண் மட்டும் இருக்க வேண்டியதைவிடக் கீழே இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவது அம்மாவின் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். சில மாதங்களாக அவளுடைய கெண்டைக்கால் சதை திடீரென்று கல்லாக இறுகிவிடும். கத்தரியைப் போட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொள்வாள். இன்னொரு முறை இப்படி நின்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"காலையில என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"டீ."

"டீயோட?"

"கேஸ் மாத்திரை."

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடுவாள், வயிறு எரியும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை விழுங்குவாள். பல வருடங்களாக அதுதான் அவளுடைய காலை உணவு. அந்த மாத்திரையை இவ்வளவு காலம் போட்டாலே மெக்னீசியம் குறைந்து கால் இப்படி இழுக்கலாம் என்று டாக்டர் அதை நிறுத்தினார். சத்துக்கு வேறொரு மாத்திரை எழுதிவிட்டு, கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, பூசணி விதை என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் எங்கள் தெருக் கடையில் கிடைப்பவைதான்.

மறுநாளிலிருந்து சமையலை நான் எடுத்துக்கொண்டேன். முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை, கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், வறுத்த பூசணி விதை ஒரு கைப்பிடி. நான் குளிக்கப் போகும் நேரத்தில் எங்கள் இருவருடைய மதியச் சாப்பாட்டு டப்பாக்களையும் கட்டுவது அம்மா.

ஒருநாள் ஆபீசில் டப்பாவைத் திறந்தேன். சுண்டல் விளிம்புவரை இருந்தது. அதன் மேல் பூசணி விதை அத்தனையும் கொட்டிக் கிடந்தது.

"என்னப்பா, கிளி வளக்குறியா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

நானும் சிரித்தேன். அதன்பிறகு சாப்பிட முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உன் டப்பால இன்னாம்மா எடுத்துக்கினு போன?"

"சோறும் ரசமும். ஏன்?"

"சத்து கொறஞ்சது உனக்கா, எனக்கா?"

"நீ கம்ப்யூட்டர் பாக்குற பொண்ணு. மூளைக்கு வோணும். நான் இன்னா, நூல் வெட்டறதுக்குக் கணக்கா போடப்போறேன்?"

அப்பா இருந்தவரை அவர் சாப்பிட்டு எழுந்த பிறகே அம்மா சாப்பிடுவாள். மிஞ்சியது எதுவோ அதுதான் அவள் பங்கு. என் படிப்பு அந்த வரிசையை மாற்றிவிட்டது என்று நினைத்திருந்தேன். அது அப்பாவின் இடத்தில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து டப்பாக்களை நானே கட்டினேன். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. அடுத்த வாரமே, சட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கால் இழுத்து அம்மா விழுந்துவிட்டாள். ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். திரும்ப வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

இப்போது வெள்ளானூர் வீட்டில் பகலெல்லாம் தனியாக இருக்கிறாள். மதியம் நான் சாப்பிடும்போது போன் செய்வேன்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டுக்கினுதான் கீறேன்."

"சுண்டலு?"

"அதுந்தான். நீ துன்னு மொதல்ல."

மெல்லும் சத்தம் கேட்கிறதா என்று போனைக் காதோடு ஒட்டி வைத்துப் பார்ப்பேன். மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்கும்.

நேற்றும் ஆபீசிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். என் தட்டின் பக்கத்தில் ஒரு கிண்ணம், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தது. காலையில் நான் வைத்துவிட்டுப் போன சுண்டல், வைத்தபடியே இருந்தது. அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நான் சாப்பிட்டு முடிப்பதற்காக நின்றுகொண்டிருந்தாள்.