மகளின் விசாவுக்குக் கொடுத்த கல்யாணப் படங்கள்

என் மகளை விசா இன்டர்வியுவுக்குக் கூப்பிட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தபோது, அவளுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வேறு ஆள் இல்லை, என் வீட்டுக்காரரின் தங்கை மகன்தான். தமிழரை அடித்த கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் தேயிலைத் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்விட்டது. அங்கிருந்து பையன் மட்டும் வெளிநாட்டுக்குப் போய் அந்த நாட்டுக்காரனாகவே ஆகிவிட்டான். எந்த நாடு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. லீவில் வந்தான். பண்டாரவளையில் பதிவு செய்து எழுத்துக் கல்யாணம், தோட்டத்துக் கோயிலில் தாலிக் கல்யாணம், இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. லீவு முடிந்ததும் அவன் மட்டும் திரும்பிப் போனான். விசா கிடைத்ததும் மகளும் போய்ச் சேர வேண்டியது. அதுதான் பேச்சு.

என் வீட்டுக்காரர் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காமாலை கண்டு போய்விட்டார். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துத்தான் அவளை வளர்த்தேன். அவள் பத்தாம் வகுப்புக்கு மேலும் படித்து, தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் ஒரு ஆபிஸ் வாசல்படி ஏறினால் என் வாய் கட்டிக்கொள்ளும். எங்கள் ஆட்களுக்குக் கடதாசி என்றாலே பயம்தான். இந்த நாட்டுக்காரன் என்று ஒரு கடதாசி வாங்குவதற்கு என் அப்பா அரசாங்கக் கச்சேரி ஆபிஸ் வாசலில் நின்று நின்று வந்ததைச் சிறுபிள்ளையிலிருந்து பார்த்தவள் நான்.

அதனால் விசா வேலைகளை எல்லாம் அண்ணன்தான் செய்தார். அவர் பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தவர். நாலு பேரிடம் பேசப் பழகியவர். பிறப்புச் சாட்சிப் பத்திரம், கல்யாண எழுத்து, பொலிஸ் அறிக்கை, மாப்பிள்ளை அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் எங்கள் லயத்துக் காம்பரா அறையில், கட்டிலில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாணப் படங்களும் கொண்டுவரச் சொல்லிக் கடிதத்தில் இருந்தது. அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரும் மதினியும் படம் பொறுக்கினார்கள்.

“கூட்டமா இருக்கறதப் பாத்து எடு. ஆளு நெறஞ்சிருந்தாத்தான் வெள்ளக்காரன் நம்புவான்” என்றார் அண்ணன்.

“இத வைக்காதீங்க. நான் கண்ண மூடிக்கிட்டு நிக்கிறேன்” என்றாள் மதினி.

“ஒனக்கா விசா கேக்குறோம்?”

“அம்மா எடத்துல நின்னு தாரை வாத்துக் குடுத்தவ நானு. நாயமாப் பாத்தா எனக்குத்தான் மொதல்ல குடுக்கணும்.”

“ஒன்னய ஏத்துனா பிளேன் எந்திரிக்காது.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் படங்கள் ஒன்றில்கூட நான் இல்லை என்பதை எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. நினைப்பதற்கு என்ன இருந்தது? எங்களில் தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் வரமாட்டாள். பெற்ற மகளின் கல்யாணமாக இருந்தாலும் அப்படித்தான். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கப் புருசனும் பெண்சாதியுமாக நிற்க வேண்டும் என்பதால் அண்ணனும் மதினியும் நின்றார்கள். நான் கோயிலுக்குப் பின்னால் சமையல்கட்டில் இருந்தேன். கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவு ஓரத்தில் நின்று, ஆட்களின் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மகளின் தலைப்பூதான் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு படம் எடுக்கும்போது மாப்பிள்ளை என்னைத் தேடிக்கொண்டு வந்தான்.

“அத்தை, நீங்களும் வந்து நில்லுங்க.”

“நல்ல நேரத்துல அதெல்லாம் வேணாம் தம்பி. நீங்க போயி நில்லுங்க.”

அவன் இன்னும் ஒரு தடவை கூப்பிட்டான். படம் எடுக்க வந்தவர் எங்கள் ஆள்தான். “விடுங்க தம்பி, அவங்க வரமாட்டாங்க” என்று அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. கேமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடுகிற பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்து உண்டு. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில்கூட நான் கீழேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்டர்வியுவுக்கு முந்திய வாரங்களில் அண்ணன் பின்னேரம் வந்து மகளைக் கேள்வி கேட்டுப் பழக்கினார். அவள் புருசன் பெயரைச் சொல்லமாட்டாள். அதுதான் பெரிய பாடாக இருந்தது.

“ஒம் புருசன் பேரு என்னா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அங்க போயி அவங்க அவங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தா, எவங்கன்னு கேப்பான். சொல்லு.”

“கடுதாசியிலதான் இருக்கே மாமா.”

“கடுதாசிக்கா விசா குடுக்கப் போறான்?”

மதினி இடையில் புகுந்து, “நான் இவரு பேரச் சொன்னதே இல்ல. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?” என்றாள்.

“எங்கிட்ட விசா கேட்டுப் பாரு, அப்பத் தெரியும்” என்றார் அண்ணன்.

கடைசியில் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பெயரைச் சொல்லிவிட்டாள். அவன் என்ன வேலை செய்கிறான், எந்தத் தெருவில் இருக்கிறான், அறையில் கூட இருப்பது யார், எல்லாம் ஒப்பித்தாள். இரண்டு பேரும் முறைப் பிள்ளைகள் என்றால் என்ன என்று வெள்ளைக்காரனுக்கு எப்படி விளக்குவது என்றும் சொல்லிக்கொடுத்தார். கேட்கக்கூடிய கேள்வி எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது என்றுதான் நாங்கள் நம்பினோம்.

பதுளையில் காலை ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய், அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் மகள் எம்பசிக்குள் போனாள். கூட யாரையும் விடவில்லை. நானும் அண்ணனும் எதிர்ப்பக்கம் ஒரு மதிலோரமாக நின்றோம். அங்கே நிற்கக்கூடாது என்று ஒரு காவல்காரர் விரட்டினார். கொஞ்சம் தள்ளிப்போய் நின்றோம். வெயில் ஏறி உச்சிக்கு வந்த பிறகு அவள் வெளியே வந்தாள். கடதாசிப் பைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

“என்னா கேட்டாங்க?” என்றார் அண்ணன்.

“எல்லாம் கேட்டாங்க மாமா. கடுதாசி போடுவாங்களாம்.”

திரும்பி வரும்போது, ரயில் நாவலப்பிட்டியில் நின்றதும் அண்ணன் தேத்தண்ணி வாங்க இறங்கினார். அப்போதுதான் என்னிடம் சொன்னாள்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரரும், அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல யாழ்ப்பாணப் பேச்சுப் பேசும் ஒரு அம்மாவும் இருந்திருக்கிறார்கள். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, மதினியைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

“இவ உங்கட அம்மாவோ?”

“இல்லங்க. மாமா சம்சாரம்.”

“அப்ப அம்மா எங்க? கலியாணத்துக்கு வரேல்லையோ?”

“வந்தாங்க.”

“எந்தப் படத்தில நிக்கிறா? காட்டுங்கோ.”

“படத்துல இல்லங்க.”

“பெத்த தாய் ஒரு படத்திலயும் இல்லையோ? ஏன்?”

அம்மாவுக்குப் போட்டோ எடுப்பது பிடிக்காது என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா அதை இங்கிலீசில் சொன்னதும் வெள்ளைக்காரர் எழுதிக்கொண்டாராம். பிறகு படங்களை மூடிவைத்துவிட்டாராம்.

“ஏன்டி அப்புடிச் சொன்ன? அம்மா தாலி இல்லாதவ, அதான் முன்னால வரலன்னு சொல்ல வேண்டியதுதான? அந்தம்மா தமிழாளுதான, அவங்களுக்குத் தெரியாதா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கண்டவங்க முன்னால ஒன்னயப் பத்தி அப்புடி நான் சொல்லணுமா?”

அண்ணன் தேத்தண்ணியோடு வந்தார். மூன்று பேரும் குடித்தோம்.

கடிதம் வருவதற்கு மாதக்கணக்கானது. பதுளையில் ஒரு வாத்தியாரிடம் காட்டி அண்ணன் அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்தார். இது உண்மையான கல்யாணம் என்று நம்பமுடியவில்லையாம். பெண்ணின் தாய் இதில் கலந்துகொண்டதற்கோ சம்மதித்ததற்கோ அத்தாட்சி இல்லையாம். விசாவுக்காகச் செய்த கல்யாணமாக இருக்கலாமாம். அதைக் கேட்டுவிட்டு மதினி தலையில் கைவைத்துக்கொண்டு, “நான் அங்கின நிக்காம இருந்திருக்கலாம்” என்றாள். அவள் நிற்காவிட்டால் வேறு யாராவது நின்றிருப்பார்கள். நான் நின்றிருக்கமாட்டேன்.

மாப்பிள்ளை போனில் அண்ணனிடம் பேசி, திரும்பவும் விண்ணப்பிப்போம், அத்தையிடம் ஒரு சத்தியக் கடதாசி வாங்கி அனுப்புங்கள் என்றான். பதுளையில் சத்தியக் கடதாசி எழுதி உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் ஒருவர் வீட்டுக்கு அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அரசாங்க ஆபிசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஐயா அவர். நாற்காலியில் இருக்கச் சொன்னார். நான் நின்றேன்.

“இருங்கோ அம்மா. என்ன நடந்ததெண்டு நீங்கள்தான் சொல்லவேணும். அவர் சொன்னா சரிவராது.”

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். என் புருசன் செத்துப் போனதையும், அதனால் மகளின் கல்யாணத்தில் நான் பின்னால் இருந்ததையும் ஒரு அந்நிய மனிதரிடம் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு எழுதியதை வாசித்துக் காட்டினார். விதவையாகிய நான், எமது வழக்கப்படி மங்கல காரியங்களில் முன்னிற்காதபடியால், என்று தொடங்கியது. ஒவ்வொரு சொல்லும் சரிதான். அத்தனையும் நடந்ததுதான். கையெழுத்துப் போட்டேன். கோயில் ஐயரும் அப்படியே ஒரு கடிதம் கொடுத்தார்.

“இனிமே பயப்பட ஒண்ணும் இல்ல. உள்ளது உள்ளபடி எழுதியாச்சு” என்றார் அண்ணன்.

இரண்டாவது தடவை கூப்பிட நெடுநாள் சென்றது. அந்தத் தடவை வேறொரு வெள்ளைக்காரராம். முதல் பைலும் அவர் மேசையில்தான் இருந்ததாம். என் சத்தியக் கடதாசியைப் படித்துவிட்டு, பழைய பைலில் ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். முந்தி வந்தபோது அம்மாவுக்குப் போட்டோ பிடிக்காது என்று சொன்னாய். இப்போது விதவை என்பதால் வரவில்லை என்று எழுதியிருக்கிறது. இரண்டில் எது உண்மை?

“ரெண்டும் உண்மதாங்க” என்று சொல்லியிருக்கிறாள்.

அப்படியானால் விதவை என்பதை முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். அவள் வாய் திறக்கவில்லையாம். நான் அங்கே இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. என்னை நாலு பேர் முன்னால் குறைத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இதை எந்தக் கடதாசியில் எழுதி, யாரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது?

இரண்டாவது மறுப்புக் கடிதம் முதலாவதைவிடச் சின்னதாக இருந்தது. சொன்ன பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றிருந்ததாம். அண்ணன் அதை மடித்து மகளிடம் கொடுத்தார். அவள் வாங்கி வைத்துவிட்டு அரிசி களைந்தாள்.

லயத்து வரிசை வீடுகளில் சிலர் ஜாடையாகக் கேட்டார்கள். “என்னா, இன்னும் பிளேன் வரலயா?” என்று பீலியடியில் ஒருத்தி கேட்டாள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மகள், “வந்துச்சு அக்கா, நீங்க ஏறுவீங்கன்னு நிறுத்தி வச்சிருக்கேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் பசறை டவுனில் ஒரு போன் கடைக்குப் பேசுவான். அவள் காலை பஸ்ஸில் போய் அங்கே காத்திருப்பாள். வக்கீல் பிடிக்கிறேன், அடுத்த வருடம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லுவானாம். வேலையில் லீவு இல்லை என்று சொல்லுவானாம். அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் அவன் அங்கே, இவள் இங்கே. சேர்ந்து இருந்ததோ ஒரு லீவுக் காலம். பேச எவ்வளவுதான் இருக்கும்? பேச்சு குறைந்தது. சில ஞாயிறுகளில் போன் வரவில்லை என்று திரும்பி வந்தாள். நான் கேட்பதில்லை. அவள் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நேரமாகியும் அவள் புறப்படவில்லை. கதவடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பஸ்ஸு வந்துருமே, போகலயா?”

“இல்ல.”

“போன் வந்தா?”

“வராதும்மா. ரொம்ப நாளா வரல. நான் போயி நின்னா கடக்காரரு பாவப்பட்டு ஸ்டூல எடுத்துப் போட்டு, டீயும் வாங்கித் தர்றாரு. மத்தவங்களுக்கெல்லாம் அவரு டீ வாங்கிக் குடுக்கறதில்ல.”

கீரையில் இருந்த புல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சக் கட்டைப் பிரித்தேன்.